ஊதி கழன்ற வாத்து: திருகோணமலை விளையாட்டுச் சாமான் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த கடைக்காரர்களே,

மத்திய வீதியில் கண்ணாடி அலுமாரி வைத்துக் கடை நடத்துகிறவர்களுக்கும், என்.சி. வீதியோரம் படங்கு விரித்துச் சாமான் பரப்புகிறவர்களுக்கும், கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் கயிறு கட்டிப் பொம்மை தொங்கவிடுகிறவர்களுக்கும், கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகும் பாதையில் தட்டிக் கடை போட்டிருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். வள்ளத்து இயந்திரத்துக்கு அச்சுத்தண்டு கடைந்து கொடுக்கிற, தண்ணீர் மோட்டருக்குப் புஷ் போட்டுக் கொடுக்கிற லேத் பட்டறைக்காரன் நான். முப்பத்தைந்து வருடமாக இரும்பையும் பித்தளையையும் அளந்தே வயிறு வளர்த்தவன். அளவு பிசகினால் என்ன நடக்கும் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

சென்ற ஆடி அமாவாசைக்குக் குடும்பமாகக் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது பேத்திக்கு ஒரு மஞ்சள் வாத்து வாங்கினேன். அப்போது அவளுக்கு ஒன்பது மாதம். அமுக்கினால் கீச்சென்று கத்துகிற மெல்லிய பிளாஸ்டிக் வாத்து. அடியில் சட்டைப் பொத்தான் போல ஒரு வெள்ளை ஊதி. சுற்றியிருந்த பொலித்தீன் பையில் செய்தவர் பெயர் இல்லை, நாடு இல்லை, எத்தனை வயதுப் பிள்ளைக்கு என்றும் இல்லை. நானும் எதையும் பார்க்கவில்லை. ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினேன். அதில் வென்ற மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் நாள் மாலை மகள் குசினியில் இருந்தாள். நான் பாயில் குழந்தையோடு இருந்தேன். அவள் வாயிலிருந்து வாத்தை வாங்கி, எச்சிலைச் சாரத்தில் துடைத்துக்கொண்டிருந்தேன். கீச் என்று சத்தம் கேட்டது. மறுபடியும் கீச். வாத்து கத்துகிறது என்றுதான் நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், என் கை வாத்தை அமுக்கவேயில்லை. குழந்தை மூச்சை உள்ளே இழுக்கிற ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம் அவளுடைய தொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது. வாத்தைத் திருப்பினேன். அடியில் ஒரு வட்ட ஓட்டை மட்டும் இருந்தது.

நான் எழும்புவதற்குள் அந்தக் கீச்சும் நின்றுவிட்டது. சத்தம் போட்டுத்தான் குழந்தை மூச்சுத் திணறும் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இருமினால், அழுதால் காற்று போய்வருகிறது என்று அர்த்தம். ஒன்றுமே கேட்காதபோதுதான் வீடு இடிந்து விழுகிறது. நல்ல காலம், மகள் கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் சொல்லிக்கொடுத்ததை மறக்காதவள். குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்திப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தட்டினாள். ஐந்து தட்டு, வராவிட்டால் நிமிர்த்தி நெஞ்சில் ஐந்து அழுத்து, பிறகு மீண்டும் தட்டு. அதுதான் முறை. நானோ விரலை விட்டுத் தோண்டப் போனேன். என் கையை அவள் தட்டிவிட்டாள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் தேடினால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவோமாம். நாலாவது தட்டில் வெள்ளைப் பொத்தான் பாயில் விழுந்து உருண்டது. அதற்குப் பிறகு குழந்தை அழுத அழுகைக்குப் பக்கத்து வீட்டு நானாவும் மனைவியும் செருப்பில்லாமல் ஓடிவந்தார்கள். ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்க் காட்டினோம், பிள்ளை சுகம்.

அடுத்த நாள் அந்த ஊதியை வேணியரில் வைத்து அளந்தேன். விட்டம் 18.6 மில்லிமீற்றர், உயரம் 9.2. அதையும் வாத்தையும் எடுத்துக்கொண்டு வாங்கிய இடத்துக்குப் போனேன். எந்தக் கடை என்று சொல்லமாட்டேன், சொல்லவும் தேவையில்லை. அதே வாத்து ஊரில் எத்தனையோ இடங்களில் தொங்குகிறது. கடைத்தம்பி நல்ல பிள்ளை. விவரம் முழுவதையும் கேட்பதற்கு முன்பே, “கழன்றுவிட்டதா ஐயா? தாருங்கள்” என்று வாங்கி, ஊதியைப் பெருவிரலால் ஓட்டைக்குள் அழுத்தினார். இரண்டு முறை கீச்சிட்டுப் பார்த்தார். திருப்தியாக அதைக் கயிற்றில் தொங்கவிட்டுவிட்டு, அதே கயிற்றிலிருந்து வேறொரு வாத்தை எனக்கு எடுத்துத் தந்தார். காசு கேட்கவில்லை.

இந்த மடலை எழுத வைத்தது அந்தக் காட்சிதான். அவர் என்னை ஏமாற்றவில்லை, பழுதான சாமானை மாற்றிக் கொடுத்தார். நம் ஊர் வியாபாரத்தில் அது பெரிய நேர்மை. ஆனால் கயிற்றில் தொங்கிய மற்ற வாத்துகள் என்ன ஆயின? ஏற்கெனவே வீடுகளுக்குப் போய்விட்ட வாத்துகள் என்ன ஆயின?

இதற்கு வெளிநாடுகளில் ஒரு முறை இருக்கிறது. ஒரு சாமானில் இப்படி ஒரு பிழை என்று தெரிந்தால், அந்த ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுப்பதோடு நிற்கமாட்டார்கள். அதே தொகுதியில் செய்த எல்லாவற்றையும் கடையிலிருந்தும் வீடுகளிலிருந்தும் திரும்பக் கேட்பார்கள். மீளப்பெறல் என்று நம் பத்திரிகைகள் எழுதுவது இதைத்தான். நமக்கும் இது புதிதில்லை. 2013 ஆகஸ்டில் ஒரு பால்மாவின் குறிப்பிட்ட தொகுதிகளைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னபோது, வீட்டு அலுமாரியைத் திறந்து பைக்கற்றின் இலக்கத்தை உரக்க வாசித்த தாய்மார் ஏராளம். பால்மாப் பைக்கற்றில் வாசிக்க ஓர் இலக்கம் இருந்தது. என் வாத்தில் என்ன இருந்தது? பெயரில்லாத பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. பெயரில்லாத பொம்மையை யாரும் திரும்பக் கேட்கவும் முடியாது.

பெயரும் இலக்கமும் உள்ள நாடுகளிலேயே அறிவிப்பு தொட்டில்வரை போய்ச் சேர்வதில்லை. 1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் பர்கர் கிங் உணவகங்கள் பிள்ளைகளின் சாப்பாட்டோடு ஒரு போக்கிமோன் பந்தைக் கொடுத்தன. இரண்டு பாதியாகத் திறக்கும் பந்து. உள்ளே ஒரு சிறு பொம்மை. டிசம்பரில் ஒரு 13 மாதக் குழந்தை இறந்தது. பந்தின் பாதி மூக்கையும் வாயையும் கவ்விக்கொண்டது. அந்த மாதம் 27ஆம் திகதி, இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட பந்துகளை மீளப்பெறுவதாக அறிவித்தார்கள். திருப்பிக் கொண்டுவந்தால் ஒரு சிறிய பொதி உருளைக்கிழங்குப் பொரியல் இலவசம் என்றார்கள். (ஓர் உயிருக்கு என்ன விலை வைத்தார்கள் பாருங்கள்.) அறிவித்து ஒரு மாதம் ஆகும்போது வேறொரு மாநிலத்தில் 4 மாதக் குழந்தை ஒன்று அதே பந்தின் பாதியால் இறந்தது. பத்திரிகை, தொலைக்காட்சி எல்லாம் சொல்லிய பிறகும்.

இன்னொன்று. குழந்தையைச் சரிவாகப் படுக்கவைக்கும் ஆடுபடுக்கை ஒன்று, ஃபிஷர் பிரைஸ் செய்தது. 2019 ஏப்ரலில் 47 இலட்சம் படுக்கைகளை மீளப்பெற்றார்கள். 2023 ஜனவரியில் அதே அறிவிப்பை மறுபடியும் வெளியிட வேண்டி வந்தது. முதல் அறிவிப்புக்குப் பிறகும் குறைந்தது 8 குழந்தைகள் அதில் இறந்திருந்தன. யாரோ ஒருவர் பழைய படுக்கையைத் தூசு தட்டி அடுத்தவருக்குக் கொடுத்திருப்பார். நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார்.

இதைக் கேட்டபோது எனக்கு நினைவு வந்தது கனடாவிலிருந்து தம்பி அனுப்பும் பெட்டி. உங்களுக்கும் வந்திருக்கும். உடுப்பு, சவர்க்காரம், சொக்லேட், அடியில் அவர்களுடைய பிள்ளைகள் விளையாடி முடித்த சாமான்கள். வெளிநாட்டுச் சாமான் என்றால் தரமானது என்று எடுத்து அடுக்குகிறோம். சிலவற்றை உங்கள் கடைகளுக்கும் விற்கிறார்கள். அங்கே எப்போதோ மீளப்பெற்ற சாமான் இங்கே ‘கனடாச் சாமான்’ என்ற பெருமையோடு மறுபிறவி எடுக்கிறது. சில்லு வைத்த வட்ட நடைவண்டியை, நாம் வோக்கர் என்கிறோமே, அதைக் கனடா 2004 ஏப்ரலிலேயே தடை செய்துவிட்டது. படிக்கட்டில் உருண்டு விழுந்த பிள்ளைகளின் கதைகள் அங்கே போதுமான அளவு சேர்ந்துவிட்டன. இங்கே முதல் பல்லு முளைக்கும் முன்பே வோக்கர் வாங்குகிறோம். அது தனிக் கதை, விடுகிறேன்.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். எந்தக் கம்பனியும் எந்த அரசாங்கமும் இந்த வாத்தைத் திரும்பக் கேட்டு நம் ஊருக்கு வரப்போவதில்லை. கப்பலில் வந்து, கொழும்பு புறக்கோட்டையில் மூட்டை பிரிந்து, இரவு லொறியில் ஏறித் திருகோணமலைக்கு வரும் சாமானை, குழந்தையின் வாய்க்குப் போகும் முன் கடைசியாகத் தொடுகிற கை உங்களுடையது. பெயரில்லாத சாமானைத் திரும்பப் பெறக்கூடிய ஒரே ஆளும் நீங்கள்தான். எந்த மூட்டையில் வந்தது, எத்தனை விற்றது, யாரிடம் எடுத்தது என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிறது.

“உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு என் தொழிலிலேயே பதில் இருக்கிறது.

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் சாமானுக்காக அமெரிக்காவில் 1980 ஜனவரியிலிருந்து ஓர் அளவுக் குழாய் நடைமுறையில் இருக்கிறது. உள்விட்டம் 31.7 மில்லிமீற்றர். அடி சரிவானது, ஒரு பக்கம் ஆழம் 25.4, எதிர்ப் பக்கம் 57.1. சிறு குழந்தையின் முழுதாக விரிந்த தொண்டையை ஒத்த அளவு இது. சாமானையோ அதிலிருந்து கழன்ற துண்டையோ இந்தக் குழாய்க்குள் போடுங்கள். அமுக்கக் கூடாது, எந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டாலும் சரி. முழுதாக உள்ளே அடங்கிவிட்டால் அது சிறு பாகம். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அதை விற்கக் கூடாது. கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் தப்பியது. இவ்வளவுதான் விதி. மின்சாரம் வேண்டாம், ஆய்வுகூடம் வேண்டாம்.

ஒரு லேத்காரனுக்கு இதைவிட அழகான சாமான் கிடைக்காது. 57.1இலிருந்து 25.4ஐக் கழித்துப் பாருங்கள். 31.7. உள்விட்டமும் அதுதான். அதாவது அடிச் சரிவு சரியாக 45 பாகை. கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்குப் பட்டறையைத் திறந்தேன். நைலோன் துண்டு ஒன்றைப் பிடித்து உள்ளே 31.7க்குத் துளைத்து, 45 பாகையில் வெட்டிய தண்டு ஒன்றை அடியில் இறுக்கினேன். முக்கால் மணி நேர வேலை. வாத்தின் ஊதியை அதற்குள் போட்டேன். சத்தமில்லாமல் அடியில் போய் உட்கார்ந்தது. அதன் மேல் இன்னும் இரண்டு ஊதி போட இடம் இருந்தது.

முழுச் சாமானை மட்டும் குழாயில் போட்டுப் பார்த்தால் போதாது. வாத்து முழுதாகக் குழாய்க்குள் போகாது அல்லவா? ஊதிதானே கழன்றது. அதனால் அந்த விதியில் இன்னொரு பகுதியும் உண்டு. ஒன்றரை வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கான சாமானை நாலரை அடி உயரத்திலிருந்து பத்து முறை கீழே போட வேண்டும். முறுக்க வேண்டும், இழுக்க வேண்டும், அமுக்க வேண்டும். பிள்ளை செய்வதைத்தானே செய்கிறார்கள். அதற்குப் பிறகு கழன்று வருகிற எதுவும் அந்தக் குழாய்க்குள் அடங்கக் கூடாது.

உங்கள் கடைகளிலிருந்தே ஆறு சாமான் வாங்கினேன், ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில். பட்டறைச் சுவரில் நாலரை அடியில் கரிக்கோடு போட்டு, சீமெந்துத் தரையில் ஒவ்வொன்றாக விழவிட்டேன். என் உதவியாள் பையன் எண்ணினான். கிலுகிலுப்பை மூன்றாவது விழுகையிலேயே பொருத்துவாய் பிளந்து வாயைத் திறந்தது. உள்ளேயிருந்த மிளகளவு மணிகள் லேத்துக்கு அடியில் ஓடி ஒளிந்தன. இரண்டு இன்னும் கிடைக்கவில்லை. காரின் சில்லு ஆறாவதில் கழன்றது. சில்லோடு வந்த கம்பியின் முனையைத் தொட்ட எனக்கே விரல் கீறியது. கரடியின் கண்ணுக்கு விழுந்து ஒன்றும் ஆகவில்லை. பையன் பல்லால் பிடித்து இழுத்தான், வந்துவிட்டது. இரண்டாவது வாத்தும் முதல் வாத்தின் வழியிலேயே போனது. ஒரு மரக்கட்டைத் தொகுதியும், ஒன்றன்மேல் ஒன்றாக வளையம் அடுக்கும் சாமானும் பத்து முறை விழுந்தும் அசையவில்லை. வளைய அடுக்கில் செய்தவர் பெயரும் முகவரியும் வயதும் இலக்கமும் அச்சிட்டிருந்தன. அதையும் உங்களில் ஒருவர்தான் விற்றார். விலை வாத்தைவிட நான்கு மடங்கு. மரக்கட்டைகளோ வாத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

விலையைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. “விலை கூடிய சாமான் வைத்தால் சனம் திரும்பியும் பார்க்காது” என்பீர்கள். உண்மைதான். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஒரு கூலித் தொழிலாளி பிள்ளைக்குப் பொம்மை வாங்குவதே பெரிய காரியம். குறைந்த விலைச் சாமானைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. விலைக்கும் ஆபத்துக்கும் அப்படி நேர்க்கோட்டு உறவும் இல்லை. 2007 ஆகஸ்டில் மற்றெல் என்ற உலகப் பெரிய கம்பனியே, சிறு காந்தங்கள் கழன்று விழுகின்றன என்று ஏறத்தாழ 1 கோடி 80 இலட்சம் சாமான்களை மீளப்பெற்றது. இரண்டு காந்தங்களை விழுங்கிய பிள்ளையின் குடலில் அவை ஒன்றையொன்று இழுத்து, நடுவில் அகப்பட்ட குடல் சுவரைத் துளைத்துவிடும். அந்தச் சாமான்கள் மலிவானவையா என்ன? மறுபக்கம், நம் பனையோலைக் கிலுகிலுப்பைதான் பாதுகாப்பு என்று பழம்பெருமை பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஓலை பிரிந்தால் உள்ளே இருப்பது கூழாங்கல். அதுவும் குழாய்க்குள் போகும்.

குழாயில் தப்பும் சாமான்களும் உண்டு, அவற்றையும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன பாதிப் பந்து குழாய்க்குள் அடங்காது, ஆனாலும் கொன்றது. உருண்டையான பந்து 44.4 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மூன்று வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று அதற்குத் தனி விதியே இருக்கிறது. உருண்டைப் பொருள் தொண்டையைத் தக்கை போல அடைக்கும். கிலுகிலுப்பையின் பிடி ஒல்லியாகவும் நீளமாகவும் இருந்தால் முழுதாக விழுங்க முடியாவிட்டாலும் தொண்டைவரை இறங்கும். பலூனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வெடித்த பலூன் துண்டு தொண்டையின் வடிவத்துக்கே வளைந்து ஒட்டிக்கொள்ளும். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஆபத்து என்று 1994ஆம் ஆண்டின் சட்டப்படி அமெரிக்காவில் பலூன் பொதியிலேயே அச்சிட்டாக வேண்டும். நாம் பிறந்தநாள் வீட்டில் வெடித்த துண்டுகளைப் பெருக்காமலே கேக் வெட்டுகிறோம்.

திருவிழா இரவுகளில் மின்னி மின்னி விற்கும் சாமான்களைப் பற்றித்தான் எனக்கு அதிகப் பயம். மோதிரம், விசிறி, சுழலும் பம்பரம். உள்ளே இருப்பது பொத்தான் பற்றரி. மூடியைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் திருகாணி இல்லை; நகத்தால் நெம்பினாலே திறக்கிறது. அகன்ற காசு போன்ற 20 மில்லிமீற்றர் பற்றரி சிறு பிள்ளையின் உணவுக்குழாயில் சிக்கினால், எச்சிலோடு சேர்ந்து மின்சாரம் பாய்ந்து, காரம் உருவாகி, இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். பிள்ளை மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும்; தடிமன், வாந்தி என்று நாம் பனடோல் கொடுத்துக்கொண்டிருப்போம். ஒன்றரை வயதுப் பிள்ளை ஒன்று இப்படி இறந்த பிறகு, அவளுடைய பெயரிலேயே 2022இல் அமெரிக்காவில் ரீஸ் சட்டம் வந்தது. ஒரு திருகாணி. அவ்வளவுதான் வித்தியாசம். திருகாணி இல்லாத மின்னும் சாமானை எடுக்கவே எடுக்காதீர்கள். பிள்ளை பற்றரி விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்லி வாங்குகிறவர்களிடம் சொல்லுங்கள்.

பூச்சாடிக்குப் போடும் நிறநிறமான தண்ணீர் மணிகளும் அப்படித்தான். காய்ந்திருக்கும்போது கடுகளவு, தண்ணீரில் போட்டால் போளையளவு. வயிற்றுக்குள்ளும் தண்ணீர்தானே இருக்கிறது. அமெரிக்காவில் 2023இல் 10 மாதக் குழந்தை ஒன்று இறந்த பிறகு ஒரு கம்பனியின் தண்ணீர் மணிப் பெட்டிகளை மீளப்பெற்றார்கள். இங்கே அதை விளையாட்டுச் சாமானோடு சேர்த்துத் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்தேன். அலங்காரப் பொருள் என்றால் பூச்சாடியோடு வையுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முதலில், அந்தக் குழாய் உங்கள் மேசையில் இருக்கட்டும். புதிய மூட்டை பிரிக்கும்போது ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்து விழவிட்டுப் பாருங்கள். ஒரு வகைக்கு ஒன்று உடைந்தால் உங்கள் இலாபம் தேய்ந்துவிடாது. கழன்ற துண்டு குழாயில் அடங்கினால் அந்த வகை முழுவதையும் மொத்த வியாபாரிக்கே திருப்பி அனுப்புங்கள். எடுக்க மறுத்தால் அடுத்த முறை அவரிடம் எடுக்காதீர்கள். திருகோணமலைக் கடைகள் எல்லாம் ஒரே வாத்தைத் திருப்பி அனுப்பினால் புறக்கோட்டைக்குக் காது கேட்கும். தனியாக ஒருவர் அனுப்பினால் கேட்காது, அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒரு கொப்பி வையுங்கள். எந்தச் சாமான், யாரிடம், எந்தத் திகதி. நாளைக்கு ஒரு தாய் ஊதியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றால், மாற்றிக் கொடுப்பதோடு முடித்துவிடாமல், கயிற்றில் இருப்பதையும் கழற்றி வையுங்கள். கடை வாசலில் அந்தச் சாமானைத் தொங்கவிட்டு, ‘இதை வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவாருங்கள், காசு தருகிறோம்’ என்று ஓர் அட்டையில் எழுதுங்கள். வியாபாரம் கெட்டுவிடும் என்று பயப்படுகிறீர்கள், தெரியும். நான் வாடிக்கையாளனாகச் சொல்கிறேன், அப்படி ஓர் அட்டை தொங்கும் கடையில்தான் அடுத்த பொம்மையை வாங்குவேன்.

அச்சிட்ட அடையாளங்களையும் கொஞ்சம் படிக்கப் பழகுங்கள். சிவப்பு வட்டத்துக்குள் குழந்தை முகமும் 0-3 என்ற எண்ணும், குறுக்கே ஒரு கோடும் இருந்தால், மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அர்த்தம். ஒரு கடையில் இதைக் காட்டி, “பாருங்கள் ஐயா, சின்னப் பிள்ளைக்கு என்றே படம் போட்டிருக்கிறது” என்றார்கள். கோட்டைக் கவனிக்கவில்லை. இந்தியாவில் 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விளையாட்டுச் சாமான் விற்க முடியாது, இறக்குமதி செய்ததானாலும் சரி; இந்தியச் சாமான் எடுத்தால் அந்த முத்திரையைத் தேடுங்கள். ஐரோப்பிய விதிகளுக்கு ஏற்றது என்று காட்டும் சி.ஈ. என்ற எழுத்துகளை மட்டும் நம்பிவிடாதீர்கள். விளையாட்டுச் சாமான்களில் அது பெரும்பாலும் செய்கிறவர் தானே போட்டுக்கொள்ளும் உறுதிமொழி. மை வைத்திருக்கிற எவனும் அச்சிடலாம்.

பெற்றோரின் பிழையை மறைக்கவில்லை. பெரிய பிள்ளையின் சாமானைச் சின்னப் பிள்ளையின் பாயில் போடுகிறவர்கள் நாங்கள்தான். றம்புட்டான் கொட்டையையும் நிலக்கடலையையும் கைக்கெட்ட வைப்பவர்களும் நாங்களே. பேரம் பேசி ஐம்பது ரூபாய் குறைத்த கிழவன் நானேதான். பெற்றோருக்குச் சொல்லக் கிளினிக் இருக்கிறது, முன்பள்ளி இருக்கிறது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற எண்ணும் இருக்கிறது. அவர்களுக்கும் தனியாக எழுதுவேன், பொதியில் பெயரும் வயதும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும் என்று கேட்பேன். அந்தப் பதில் வரும்வரை வாத்து கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்குத்தான் உங்களுக்கு இந்த மடல்.

இருபது குழாய் கடைந்து வைத்திருக்கிறேன். வெளிப்பக்கத்தில் 31.7 என்று பொறித்திருக்கிறேன், யாரும் பேனை போட்டு வைக்கும் கூடு என்று நினைத்துவிடக் கூடாது. காசு வேண்டாம். இருபதும் முடிந்தால் இன்னும் கடைவேன். நைலோன் வெட்டுத் துண்டுகள் நிறையக் கிடக்கின்றன. வெள்ளிக்கிழமை மத்தியானமும் ஞாயிறும் தவிர மற்ற நேரமெல்லாம் பட்டறை திறந்திருக்கும். வரும்போது சந்தேகமுள்ள சாமான் ஒன்றையும் கையோடு கொண்டுவாருங்கள். சுவரில் போட்ட கோட்டை இன்னும் அழிக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு லேத் பட்டறைக்காரன்,
திருகோணமலை.